பையை அமுக்கும் கைகள்

மருத்துவமனை வாசலில் தடுப்புக் கம்பி எழவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் டோங் ஹாரனை அழுத்திப் பார்த்தார். கூண்டுக்குள் இருந்த காவலாளி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பவில்லை.

வண்டியின் பின்பகுதியில் ஃபெங்ஷியா முழங்காலிட்டு உட்கார்ந்து, கணவன் பாவ்தியானின் வாய்க்குழாயில் மாட்டியிருந்த ரப்பர் பையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். அமுக்கினால் அவன் மார்பு எழும், விட்டால் தாழும். கணக்கு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம், நீ மூச்சு விடுற மாதிரியே அமுக்கு என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

சாரத்திலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்து, நுரையீரலில் சீழ் வைத்திருந்தது. மெஷின் இன்னும் ஒரு வாரம் மூச்சு கொடுத்தால் தேறிவிடுவான் என்று டாக்டரே சொன்னார். ஆனால் கட்டியிருந்த முன்பணம் தீர்ந்த அன்றே மருந்து நின்றுவிட்டது. பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார். அவருக்கும் நுரையீரல்தான். அவருக்கு எதுவும் நிற்கவில்லை. கிராமத்துக் காப்பீட்டு அட்டைக்கு இந்த மாகாண மருத்துவமனையில் கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பி வராது. சொந்த மாவட்டத்து ஆஸ்பத்திரியில் முக்கால்வாசி திரும்பும். அங்கே மெஷின் காலியாக இருக்கிறது, உடனே வாருங்கள் என்று காலையில் போனில் சொல்லி, வண்டியும் அனுப்பிவிட்டார்கள். உடன் வர நர்ஸ் மட்டும் இல்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேன்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் தாங்களே ஒட்டிக்கொண்ட சிவப்புச் சிலுவை. சிவப்பு அங்கி போட்ட நான்கைந்து பேர் அங்கிருந்து நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவன் ஹாவ். அவனை எல்லோரும் மூணாவதண்ணன் என்றார்கள்.

"டோங் அண்ணே, போன தடவையே சொன்னேனா இல்லையா? வெளியூர் வண்டி உள்ள வரலாம். போறப்ப காலியாத்தான் போகணும்."

"தம்பி, ஆளு பையில மூச்சு விட்டுக்கிட்டு இருக்கான். கம்பியத் தூக்கச் சொல்லு."

"நம்ம வண்டியிலயும் பை அமுக்கலாம்ணே. உங்க ஊரு நர்ஸுங்களவிட நம்ம பசங்க நல்லாவே அமுக்குவாங்க." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹாவ் கண்ணாடி வழியாக ஃபெங்ஷியாவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். "அண்ணி, நாலாயிரத்து ஐநூறு யுவான். வீட்டு வாசப்படி வரைக்கும் உயிரோட கொண்டுபோய் விடுறது எங்க பொறுப்பு."

"நாங்க வீட்டுக்குப் போகல, ஆஸ்பத்திரிக்குப் போறோம்!" அவள் கத்தினாள். கை அமுக்குவதை நிறுத்தவில்லை. "அவ்ளோ காசு இருந்தா இவரை எதுக்கு மெஷின்லேருந்து எறக்குறேன்?"

"இந்த வாசலத் தாண்டிப் பையோட போறவன் எல்லாம் எங்க போறான்னு எங்களுக்குத் தெரியாதா, அண்ணி?"

டோங் கதவைத் திறந்து இறங்கியதுதான் தாமதம், ஒருவன் அவர் முடியைப் பிடித்துக் கதவின் விளிம்பிலேயே மோதினான். இன்னொருவன் சக்கரம் கழற்றும் இரும்பால் தோளில் அடித்தான். கீழே விழுந்தவரை மூன்று பேர் சேர்ந்து மிதித்தார்கள். காலடியில் தக்காளி நசுங்குவதுபோல ஒரு சத்தம் ஃபெங்ஷியாவுக்குக் கேட்டது. வாசலில் வரிசையில் நின்றவர்கள் வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். காவலாளி கூண்டின் ஜன்னலை இழுத்துச் சாத்தினான்.

பின்கதவு திறந்தது. கழுத்து தடித்த இளைஞன் ஒருவன் ஏறினான். வெளியிலிருந்து யாரோ, "தாஷுன், பொம்பளைய எறக்கு!" என்று கத்தினார்கள்.

"அண்ணி, எறங்கு. கையை எடு."

அவள் அமுக்கினாள், விட்டாள். அவன் ஸ்ட்ரெச்சரின் காலைப் பிடித்து இழுத்தான். ஆக்சிஜன் உருளை உருண்டு அவள் முழங்காலை இடித்தது. அவளிடம் சும்மா இருந்தது கால் ஒன்றுதான். தூக்கி அவன் நெஞ்சில் உதைத்தாள். அவன் கதவுக்கு வெளியே மல்லாந்து விழுந்தான். கூட்டாளிகள் கைதட்டினார்கள்.

"பொம்பள கிட்ட உதை வாங்கிட்டான்டா! இவனுக்கு இன்னிக்குக் கூலி கெடையாது!"

தாஷுன் எழுந்து வந்தபோது கையில் இரும்புக் கம்பி இருந்தது. முகம் சிவந்திருந்தது. அவன் ஓங்கியது ஸ்ட்ரெச்சரின் விளிம்பையா, அவளையா என்று தெரியவில்லை. கம்பி அவள் வலது கையின் மேல் இறங்கியது. விரல்கள் முறிந்த சத்தத்தை அவனும் கேட்டான்.

பை கழன்று தரையில் விழுந்தது. பாவ்தியானின் மார்பு தாழ்ந்தது, மறுபடி எழவில்லை.

அவள் இடது கையால் பையைத் துழாவி எடுத்துக் குழாயில் மாட்டினாள். ஒற்றைக் கைக்கு அது அடங்கவில்லை, மீன் மாதிரி வழுக்கியது. நெஞ்சோடு வைத்து அழுத்திப் பார்த்தாள். காற்று ஓரத்தில் பீய்ச்சிக்கொண்டு போனது. கணவனின் உதடு கருநீலமாகிக்கொண்டிருந்தது. கண் பாதி திறந்து, எதிரில் நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அமுக்குடா," என்றாள்.

"என்ன?"

"என் கையை ஒடச்சிட்டல்ல? உன் கையைக் குடு. அமுக்குடா நாயே!"

தாஷுன் திரும்பி வெளியே பார்த்தான். ஹாவ் சாவகாசமாக வந்து கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "விட்டுடுடா. செத்தவனுக்கு வாடகை ரெட்டிப்பு."

கம்பி தாஷுனின் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவன் முழங்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பையைப் பிடித்து அமுக்கினான். மார்பு எழுந்தது.

"டேய், எறங்குடா."

"மூணாவதண்ணே, விட்டா செத்துருவான்."

"எறங்குன்னு சொன்னேன்."

"என் கையிலல்ல சாவான்!"

ஹாவ் அவன் காலரைப் பிடித்து இழுத்தான். இழுத்து வரவில்லை என்றதும் பிடரியில் அறைந்தான். அடுத்தவன் கையிலிருந்த இரும்பைப் பிடுங்கி முதுகில் போட்டான். தாஷுன் முனகினான், குனிந்தான். கை மட்டும் அமுக்கிக்கொண்டே இருந்தது. இப்போது கட்டப்பட்டது போலக் கிடந்தவை அவன் கைகள். ஃபெங்ஷியாவுக்கு ஒரு கை மிச்சமிருந்தது.

அவள் இடது கையால் தரையில் கிடந்த கம்பியை எடுத்து ஹாவின் வாயிலேயே அடித்தாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய, வண்டியிலிருந்து குதித்து முழங்காலில் அடித்தாள். அவன் விழுந்தான். விழுந்தவனை அவள் விடவில்லை. தோளில், கையில், மறுபடி முழங்காலில். "போதும் அண்ணி, செத்துருவான்!" என்று கூட்டாளிகளில் ஒருவன் கத்தியபோதுதான், கம்பியை அவர்கள் பக்கம் திருப்பினாள். அவர்கள் பின்வாங்கினார்கள். நேராகக் காவலாளியின் கூண்டுக்குப் போய்க் கண்ணாடியை உடைத்தாள். விதைத் தோலும் கண்ணாடித் தூளும் அவன் மடியில் கொட்டின. அவனாகவே பொத்தானை அழுத்தினான்.

தடுப்புக் கம்பி எழுந்தது. ஒரு கண் வீங்கி மூடிப்போன டோங் தவழ்ந்து ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். குறுக்கே நின்ற வெள்ளை வேனின் மூக்கை இடித்துத் தள்ளிக்கொண்டு வண்டி சாலைக்கு வந்தது.

நெடுஞ்சாலையில் ஏறியதும்தான் அவள் கவனித்தாள். மார்பு படபடவென்று எழுந்து தாழ்ந்தது. தாஷுன் அடி வாங்கியதில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தான். அந்த வேகத்திலேயே அமுக்கினான்.

"மெதுவா," என்றாள். "இவ்ளோ வேகம் கூடாது. நீ முதல்ல ஆசுவாசப்படு."

"முடியல அண்ணி. முதுகு..."

"என்னைப் பாரு. என்கூட மூச்சு விடு. இழு. ம். விடு."

தன் விரலை உடைத்தவனின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து அவள் மூச்சு விட்டுக் காட்டினாள். அவன் வாயில் பூண்டு நெடியும் ரத்த வாடையும் அடித்தன. கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு அடங்கியது. பாவ்தியானின் உதட்டில் நிறம் திரும்பியது.

"நான் சும்மா பயமுறுத்தத்தான் ஓங்கினேன்."

"பயமுறுத்துனது போதும். அமுக்கு."

"தூங்கிடாதடா முண்டம்," என்றார் டோங் முன்னாலிருந்து. "தூங்கினா வண்டிய நிறுத்திட்டு வந்து உன்னக் கொல்லுவேன். எனக்கு இன்னும் ஒரு கண்ணு நல்லாத்தான் இருக்கு."

தாஷுனின் கால்சட்டைப் பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. "மூணாவதண்ணன்தான்," என்றான். "உங்க ஊர் ஆஸ்பத்திரி வாசல்லயும் எங்க வண்டி ரெண்டு நிக்குது. அவங்களுக்குச் சொல்லியிருப்பாரு. நான் இனி எங்க போறது?"

டோங் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

மாவட்ட ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளை வேன் ஒன்றுதான் நின்றது. அதிலிருந்தவன் இவர்களைப் பார்த்தான், போனை எடுத்தான். ஆனால் அங்கே தடுப்புக் கம்பி இல்லை.

மேல்மாடியில் இளம் பெண் டாக்டர் ஒருத்தி ஓடி வந்தாள். பாவ்தியானின் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டாள். மூச்சு இருக்கிறது என்று தலையசைத்தாள். பிறகு அவர்களைப் பார்க்காமல் சொன்னாள்:

"மெஷின் இப்ப இல்ல, அக்கா."

"இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"காலைல இருந்துச்சு. உங்களுக்காகவே வெச்சிருந்தோம். நேரம் போயிட்டே இருந்துச்சு, நீங்க போனும் எடுக்கல. மூளையில ரத்தக் கசிவோட ஒருத்தர் வந்தாரு. ரெண்டாம் கட்டில். அவருக்கு மாட்டிட்டோம். இங்க இருக்கறதே அந்த ஒண்ணுதான். அது காலியாகற வரைக்கும் நீங்கதான் அமுக்கணும்."

ஃபெங்ஷியா திரும்பித் தாஷுனை அறைந்தாள். வாசலில் ஓங்க முடியாமல் போன அடி அது. அவன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து சிவப்பு அங்கியில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை. துடைக்கக் கை இல்லை. இரண்டாவது அறை. மூன்றாவது அறைக்குக் கை ஓங்கியபோது நர்ஸ் குறுக்கே வந்தாள்.

"அடிக்காதீங்க. தாளம் தப்பிடும்."

அவள் விரல்களுக்கு அட்டை வைத்துக் கட்டினார்கள். கட்டிலுக்கு இடம் இல்லாததால் பாவ்தியானைத் தாழ்வாரத்திலேயே படுக்க வைத்தார்கள். தாஷுன் ஸ்டூலில் உட்கார்ந்து அமுக்கினான். அவன் விரல்கள் விறைத்து வளைந்தே நின்றன. டோங் கொஞ்ச நேரம் மாற்றிக்கொள்ள வந்தார். தையல் போட்ட தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஒருத்திதான், கட்டில் பதினொன்று. தாஷுனே அமுக்கினான்.

தாழ்வாரத்தின் மறுகோடியில் இரண்டாம் கட்டில்காரரின் குடும்பம் நின்றது. டாக்டர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். மூளை போய்விட்டது, மெஷினால் இனி ஒன்றும் ஆகாது என்பது மட்டும் இங்கே கேட்டது. நரைத்த தலை மகன் ஒருவன் கேட்டான்: "அப்படீன்னா வீட்டுக்குக் கொண்டு போயிடறோம். மூச்சு இருக்கறப்பவே அப்பா வாசப்படி தாண்டணும். ஆஸ்பத்திரி வண்டி குடுப்பீங்களா?"

"சாகறவங்கள வீட்டுக்குக் கொண்டுபோக அரசாங்க வண்டி வராதுங்க."

மகன் சுவரில் நெற்றியை வைத்து நின்றான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான்.

தாஷுனின் பையில் போன் அடித்தது.

"அவருதான். அடிக்கட்டும்," என்றான்.

அது நிற்கவில்லை. ஃபெங்ஷியா இடது கையை அவன் பைக்குள் விட்டு, போனை அணைப்பதற்காக வெளியே எடுத்தாள். ஹாவின் பெயர் அதில் இல்லை, வெறும் எண். நிமிர்ந்தாள். தாழ்வாரக் கோடியில் மகன் காதில் போனை வைத்துக்கொண்டு, தாஷுனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு அங்கியின் பின்புறம் வெள்ளை எழுத்தில், எந்நேரமும் வண்டி என்று அச்சிட்டு, கீழே தாஷுனின் போன் எண்.

வாசலில் நிற்கும் வேன்காரன் மாடிக்கு வந்தால் தாஷுனை விடமாட்டான். அவளையும். வேன் வராவிட்டால் இரண்டாம் கட்டில் கிழவர் போகமாட்டார். கிழவர் போகாவிட்டால் மெஷின் வராது. தாஷுனின் கட்டை விரல் வழுக்கத் தொடங்கியிருந்தது.

அவள் பொத்தானை அழுத்தி, போனை அவன் காதில் வைத்துப் பிடித்தாள். மறுமுனைக் குரலும் தாழ்வாரக் கோடிக் குரலும் ஒன்றாகக் கேட்டன.

"வண்டி வேணும்னு கேக்குறான்," என்றான் தாஷுன். "என்ன சொல்ல, அண்ணி?"

பை சுருங்கியது. பாவ்தியானின் மார்பு மெல்ல எழுந்தது. அது தாழும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிய வரச் சொல்லு," என்றாள்.