ஜெயசுதாவின் மூன்று கோரிக்கைகள்

ஐந்தாம் வகுப்பு முடிகிற வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஆறாம் வகுப்புத் தமிழாசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். தைலம்மாள் டீச்சர் யோசித்து வைத்த பாடம் இது. உன்னைப் பற்றிச் சொல், உனக்கு என்ன வேண்டும் என்று கேள், அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் தெய்வசிகாமணிக்கு அது போதவில்லை. ஆண்டு விழாவுக்குக் கல்வி அலுவலர் வருகிறார். "அறிவுக் கடலே, அன்பின் இமயமே" என்று தொடங்கும் கடிதமொன்றைத் தானே கரும்பலகையில் எழுதிப் போட்டார். நைனார்பாளையம் உயர்நிலைப் பள்ளிக்குப் பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வரும் அந்தத் தமிழாசிரியர், ஒரே மதியத்தில் இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு இமயமானார்.

பார்த்து எழுதாதவள் ஜெயசுதா மட்டும்தான். அவளுக்கு வேண்டியது வேறு.

"அஞ்சாவது போதும்" என்று சொல்லியிருந்தார் அவள் அப்பா பச்சமுத்து. "நைனார்பாளையம் ஆறு மைலு. பொட்டப்புள்ள தெனம் நடந்து போய் இன்னா பண்ணப் போவுது?"

உண்மையில் நாலு மைல். பச்சமுத்துவின் கணக்கு அப்படித்தான். எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் புளியங்கிளையை ரோட்டில் இழுத்துப் போட்டு அவர் ஜெயிலில் இருந்தது ஒன்பது நாள். டீக்கடையில் அவர் சொல்லும்போது அது தை மாதம் பதினைந்து நாளாகி, பங்குனியில் இருபத்தொன்றாகிவிட்டது. 'கல்லூரியில் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும்' என்று அவர் உயர்த்திப் பிடித்த அட்டையில் இருந்தது ஜெயசுதாவின் எழுத்து. கோரிக்கைகளுக்கு நம்பர் போட்டவளும் அவள்தான். வேண்டியதைக் கேள் என்றால் அவளுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்.

விழாவில் படிக்க, கையெழுத்து அழகாக இருந்த கடிதத்தைத் தலைமையாசிரியர் எடுத்துக் கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை. தான் எழுதியதைத் தானே எதற்குப் படிப்பது?

ஜெயசுதா மைக் முன்னால் நின்றாள்.

"தமிழ் ஐயா அவர்களுக்கு. கோரிக்கை ஒன்று. உங்கள் வகுப்பில் எனக்கு ஓர் இடம் வேண்டும். இரண்டு. கடிதத்தை நீங்களே எழுதிப் போட்டு எங்களைப் பார்த்து எழுதச் சொல்லக் கூடாது. மூன்று. எங்கப்பா காலேஜில் இடம் கேட்டு ஜெயிலுக்குப் போனவர். ஆறாவது படிக்காமல் காலேஜுக்கு எப்படிப் போவது என்று அவரைக் கேட்டுச் சொல்ல வேண்டும். நிறைவேறாவிட்டால் ஜூன் முதல் தேதி எங்கள் வீட்டு வாசலில் மறியல் செய்வேன். அப்பாவைப் போலவே ஒன்பது நாள்."

அலுவலர் சிரித்துக்கொண்டே கேட்டார். "யாரோட யோசனைங்க இது?"

அதட்டத் திறந்த வாயைத் தெய்வசிகாமணி அவசரமாகச் சிரிப்பாக்கிக்கொண்டார். "நம்மளுதுதாங்க."

தைலம்மாள் டீச்சர் ஜெயசுதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் டீக்கடைப் பழனி பச்சமுத்து பக்கம் சாய்ந்தான். "இன்னா மாமா, ஒம்போது நாளா? எங்ககிட்ட இருவத்தொண்ணுன்னு சொல்லிக்கினு இருந்தியே."

"அத வுடுடா. எங்கியாவது தட்டுச்சா பாத்தியா? ஆபீசரே வாயத் தொறக்காம கேட்டாரு." பச்சமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அட்டை எழுதுன கை அது. எம்பொண்ணு."

ஜூனில் அவரே சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப்போய்ச் சேர்த்தார். திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றார். சட்டை நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது.

"தூரமாச்சே மாமா" என்றான் பழனி.

"இன்னாடா தூரம்? இங்க கீற நைனார்பாளையம். ரெண்டு மைலு இருந்தா ஜாஸ்தி."