நீல வெளிச்சத்தின் தூரம்

சிகிச்சை நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவர் முதுகு சாயவில்லை. காலையில் குளியலறையில் வழுக்கி, முன்பல்லில் பாதியைக் குழாய்க்குக் காவு கொடுத்துவிட்டு வந்திருந்தார். மாலையில் மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள். குடும்பத்தின் சார்பில் வாக்குக் கொடுக்க வேண்டிய வாய் அது. பல் போனால் சொல் போச்சு என்பதை ஊருக்குச் சொல்லியே பழகியவர் அவர்.

வேறு பல் மருத்துவர்கள் இல்லாமலில்லை. ஆனால் விஷயம் வெளியே கசியக் கூடாது. அதனால்தான், பல் மருத்துவராக இருந்தும் வீட்டில் ஒருவர் பல்லையும் பார்க்க அவர் இதுவரை விடாத மருமகளிடமே வந்திருந்தார். மனைவிதான் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஊருக்கெல்லாம் பல்லைக் காட்டுறீங்க. மருமகளுக்குக் காட்டினா மட்டும் மானம் போயிடுமா?"

"வாயை மூடு."

"நீங்க முதல்ல தொறங்க."

மருமகள் சிரிக்கவில்லை. வீட்டில் அவர் தலை தெரிந்தாலே எழுந்து நிற்பவள், இங்கேயும் ஓரடி தள்ளியே நின்றாள். பல்லைக் கழுவி, உலர்த்தி, பல் நிறத்திலிருந்த பசையை ஒரே உருண்டையாக வைத்துப் பல்லாக வடித்தாள். பேனா போன்ற விளக்கை நீட்டினாள். சத்தமில்லாமல் ஒரு நீல வெளிச்சம். அது அணைந்ததும் அவர் நாக்கு அவசரமாகப் போய்த் தொட்டது. கல்!

கட்டட ஒப்பந்தக்காரராக வாழ்ந்தவர். கான்கிரீட்டுக்கு ஈரச்சாக்கு போர்த்தி, நாள்கணக்கில் தண்ணீர் விட்டுக் காத்துக் கிடந்தவர். தண்ணீர் செய்கிற வேலையை ஒரு கீற்று வெளிச்சம் செய்துவிட்டதா? அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

மருமகள் பல்லின் பின்புறத்தைக் கருவியால் அழுத்தினாள். முகம் மாறியது.

"மாமா, இதை எடுத்துட்டு மறுபடி வைக்கணும்."

"ஏன்? கல்லாட்டம் இருக்கே!"

"மேலதான். உள்ள வேகலை. விளக்கு பல்லை ஒட்டி இருக்கணும். தள்ளிப் பிடிச்சா வெளிச்சம் அடிவரைக்கும் இறங்காது."

"அப்புறம் ஏன் தள்ளிப் பிடிச்சே?"

அவள் சுரண்டும் கருவியை எடுத்தாள். மனைவி சொன்னாள்: "உங்க மூஞ்சிக்குக் கிட்ட கையைக் கொண்டுவர யாருக்குத் தைரியம் இருக்கு?"

இன்று மாலையை அந்தப் பல் எப்படியும் தாங்கியிருக்கும். சொல்லாமலே விட்டிருக்கலாம் இவள். சுரண்டி எடுத்த துண்டை அவர் கேட்டு வாங்கினார். ஒரு பக்கம் ஓடு. மறுபக்கம் மெழுகாக நகத்தில் ஒட்டியது. வீட்டில் யார் யார் எவ்வளவு தூரத்தில் நின்று தன்னோடு பேசுகிறார்கள் என்பது ஏனோ நினைவுக்கு வந்தது.

"அடி பச்சையா இருக்கறது மேல நான் எதையும் கட்டினதில்லை," என்றார். "முழுசா எடு."

"தாடையைப் பிடிச்சுக்கணும் மாமா. ஆடக் கூடாது."

"பிடிம்மா."

முடிதிருத்துபவரைத் தவிர யாரும் தொட்டறியாத தாடை. அவள் உள்ளங்கை அதை ஏந்திக்கொண்டது. இம்முறை பசையை மெல்லிய படலமாக வைத்தாள், வெளிச்சம் காட்டினாள், அதன்மேல் இன்னொன்று. விளக்கின் நுனி பல்லை உரசியது. உதட்டில் இளஞ்சூடு. மூடிய இமைகளுக்குள்ளும் நீலம் வந்து நிறைந்தது. ஒவ்வொரு முறையும், இல்லாத பாதி கொஞ்சம் கொஞ்சமாக உண்டாயிற்று.

"ஆச்சு மாமா."

அவள் கையை எடுக்கப் போனாள். வாய் திறந்திருந்ததால் அவரால் பேச முடியவில்லை. வேலைத்தளத்தில் இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லும்போது காட்டுவதுபோல, ஒரு விரலை உயர்த்தினார்.

தாடையிலிருந்த கை அங்கேயே நின்றது. நீலம் மறுபடி இறங்கியது.