நாப்பது அமீன்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கதிரவனின் டீக்கடைக்குப் போய், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, "இனிமே என்னை நாப்பதுன்னு கூப்டாத மச்சான்" என்றேன். கதிரவன் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், "சரி நாப்பது" என்றான்.

என் பெயர் நூருல் அமீன். எங்கள் ஊரில் உயிரோடு இருக்கும் நூருல் அமீன்கள் மட்டும் ஒன்பது பேர். வைத்த பெயரைச் சொல்லி இங்கே யாரையும் கண்டுபிடிக்க முடியாது; பட்டப்பெயர்தான் விலாசம். சவுதிக் காசில் மூன்று மாடிக்குத் தூண் எழுப்பிவிட்டு, காசு தீர்ந்துபோய், இருபது வருஷமாகத் தரைத்தளத்திலேயே குடியிருப்பவர்கள் 'மூணு மாடி' வீட்டார். ஆட்டோவைப் பின்பக்கமாக எடுத்துப் பள்ளிவாசல் குளத்தில் இறக்கிய காத்தவராயன் 'ரிவர்ஸ்'. அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ரிவர்ஸ் மகன், ரிவர்ஸ் மகள். நான் நாப்பது. சவுதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போய் நாற்பதாவது நாள் திரும்பி வந்தவன். மற்றவர்கள் பத்து வருஷம், பதினைந்து வருஷம் கழித்துப் பெட்டி பெட்டியாக இறங்கினார்கள். நான் வந்து இறங்கியபோது, இங்கிருந்து கொண்டுபோன ஊறுகாய் பாட்டில்கூடக் காலியாகியிருக்கவில்லை.

கேட்டவர்களிடம் முதுகுவலி என்றேன். அது ஓரளவுக்கு உண்மை. மீதி உண்மை என் மனைவி சைதுன் பீவிக்கு மட்டும் தெரியும். நான் போன முப்பத்தோராம் நாள் ஷாசியா பிறந்தாள். ஒரு வாரம் கழித்து டெலிபோன் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசியபோது சைதுன் ரிசீவரைப் பிள்ளையின் வாயருகே வைத்தாள். அது அழுதது. சவுதி போன் கட்டணக் கணக்கில் அரை நிமிடம் இருக்கும். மறுநாள் காலை மேஸ்திரியிடம் போய் முதுகு வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். இதை ஊரில் சொன்னால் முதுகுவலியைவிடக் கேவலமாகிவிடும் என்று எனக்கு அப்போதே புத்தி இருந்தது. அந்த வயதில் இருந்த ஒரே புத்தி அதுதான்.

தெருப் பிள்ளைகள் என்னைக் கண்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டு கைகளையும் தூக்கி, பத்து விரலையும் விரித்து மூடுவார்கள். நான்கு தடவை. பத்து, இருபது, முப்பது, நாப்பது. இருபத்து மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுடைய பிள்ளைகளும் அதைச் செய்கிறார்கள். சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பெயர் திருத்த விண்ணப்பம் போட்டுக்கொடுப்பதுதான் முக்கியமான வேலை. ஆனந்தநடராஜன் என்று ஒரு வாடிக்கையாளர். எந்தப் படிவத்தின் கட்டத்துக்குள்ளும் அவர் பெயர் அடங்காது. அவருக்கு நான் ஆறுதல் சொல்லுவேன். ஊரார் பெயரையெல்லாம் திருத்துகிறவன் தன் பெயரைத் திருத்த எந்த ஆபீசுக்குப் போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், ஷாசியாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கும் வரைக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் பெண்கள் வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் ஊருக்குள் வந்து விசாரிப்பார்கள். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பள்ளிவாசல் வாசல். திருப்தி என்றால்தான் வீட்டுக்குள் கால் வைப்பார்கள். முதல் வரன் டீக்கடையோடு திரும்பிப் போனது. இரண்டாவது, பள்ளிவாசல் வரை வந்தது. அவர்களில் ஒரு பெரியவர் போகும்போது சொன்னாராம், "நாப்பது நாள் தாங்காதவன் வூட்டுப் பொண்ணு, மாமியார் வூட்ல எத்தன நாளு தாங்கும்?" இதை என்னிடம் வந்து சொன்னவர் ரொம்ப வருத்தத்தோடுதான் சொன்னார். அன்றிலிருந்து இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வரன், கடலூர் ரிஸ்வான். குடிகாடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா ஹுமாயூன், ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தரகர் என் போனுக்கு அனுப்பிய ரிஸ்வானின் போட்டோவை ஷாசியா தன் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். அனுப்பியதை என் போனிலிருந்து அழிக்க மறந்துவிட்டாள். அதைப் பார்த்த நேரத்திலிருந்துதான் எனக்குப் பயம் இரண்டு மடங்கானது. ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு விசாரிக்க வருகிறார்கள் என்று தரகர் சொன்னார்.

அந்த இரண்டு நாட்களும் தேர்தலுக்கு நிற்பவனைப்போல அலைந்தேன். கதிரவனிடம் மூன்று தடவை போனேன். ஆட்டோ ஸ்டாண்டில் காத்தவராயனுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள் முழுக்க ஜெராக்ஸ் இலவசம் என்றேன். பள்ளிவாசல் வாசலில் வழக்கமாக உட்காரும் நாலு பேரிடம், அல்லாவுக்காக, என்று கேட்டுக்கொண்டேன். யாராவது கடலூர்க்காரர் வந்து கேட்டால், நூருல் அமீன். அந்த இன்னொரு பெயர் எந்த வாயிலிருந்தும் வரக்கூடாது. தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய். அவர்களில் ஒன்று மிட்டாயை வாங்கிக்கொண்டு பத்து விரலை விரித்தது. பிறகு ஞாபகம் வந்து, ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டது. ஊரே எனக்காக வாயைக் கட்டிக்கொண்டது. அதை நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது.

ஞாயிறு நாலரைக்கு அஸர் முடிந்தது. ஐந்தாயிற்று. சமோசாவின் மேல் சைதுன் வெள்ளைத் துணி போட்டு மூடினாள். ஐந்தேகால். வாசலுக்கும் கூடத்துக்குமாக நான் நடந்த நடையில் தம்மாமுக்கே போய் வந்திருக்கலாம். டீக்கடையில் என்ன கேட்டார்கள், கதிரவன் என்ன சொன்னான், நாக்கு தவறியிருக்குமா. போன் செய்து கேட்கலாம் என்றால், அவர்கள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தால்? தரகரின் போன் அணைந்து கிடந்தது. ஷாசியா உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"நாப்பதுன்னே சொல்லட்டும் அத்தா. அம்மா எனக்கு எப்பவோ சொல்லிட்டாங்க. பூத்துல நான் அழுததக் கேட்டுட்டுதான வந்தீங்க? அத எதுக்கு முதுகுவலின்னு சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க?"

"முதுகும் வலிச்சுதும்மா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சமோசாத் தட்டின் துணியைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்துத் தரகரின் போன் வந்தது. ஒரு நிக்காஹ் வீட்டில் இருந்தாராம், சார்ஜ் இல்லையாம். எடுத்த எடுப்பில், "என்னா நாப்பது, இப்டிப் பண்ணிட்டீங்க?" என்றார்.

அவர் சொன்னதை நான் நின்றபடி கேட்டேன், பிறகு உட்கார்ந்து கேட்டேன். ஹுமாயூனும் அவர் மச்சானும் காரில் வந்திருக்கிறார்கள். மூன்று இடத்திலும் விசாரித்திருக்கிறார்கள். மூன்று இடத்திலும் அப்படி ஒரு ஆளே இந்த ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இல்லாத குடும்பத்தைக் காட்டி ஏமாற்றினாய், இனி இதைப் பற்றிப் பேசாதே என்று, தரகர் போனைப் போட்டதுமே ஹுமாயூன் கூப்பிட்டு ஹெட்மாஸ்டர் குரலில் திட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

"நீங்க என்ன பேரு சொல்லி அனுப்புனீங்க?" என்றேன்.

"பேரெல்லாம் எதுக்கு? பஸ்ஸ்டாண்டுல எறங்கி நாப்பது வூடுன்னு கேளுங்க, கைய புடிச்சி இட்டுனு போய் வுட்ருவாங்கன்னேன்."

ஹுமாயூனின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவர் போன் எடுக்க மாட்டாராம், நல்ல பழக்கம். செருப்பைக்கூடப் பார்த்துப் போடாமல் டீக்கடைக்கு ஓடினேன். கதிரவன் என்னைப் பார்த்ததும் பரீட்சை எழுதி முடித்த பையனைப்போல முகம் மலர்ந்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து அது மெல்ல வாடியது.

"ரெண்டு தடவ கேட்டாரு மச்சான். நாப்பது யாரு, நாப்பது வூடு எதுன்னு. எங்க ஊர்ல அப்டி யாரும் கெடையாதுங்கன்னேன். ஒத்த பிசிறு இல்லாம சொன்னேன். அடுத்து நூருல் அமீன்னு கேப்பாரு, சொல்லலாம், நல்ல மனுசன், பொண்ணு தங்கம்னு எல்லாம் ரெடியா வச்சிருந்தேன்." கதிரவன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "அவுரு கேக்கவே இல்ல."

ஸ்டாண்டிலிருந்து காத்தவராயன் ஆட்டோவை எடுத்தான். அவனும் அப்படித்தான் சொல்லியிருந்தான். பள்ளிவாசலில் ஒருவர், ஒரு படி மேலே போய், அது பக்கத்து ஊராக இருக்கும் என்று வழியே காட்டியிருக்கிறார். அந்த வழியில் சுற்றிவிட்டுத்தான் இப்போது மெயின் ரோட்டுப் பக்கம் போகிறார்கள், பிடித்துவிடலாம் என்றான். ஆட்டோவை அன்றைக்கு அவன் முன்பக்கமாகவே ஓட்டினான். வழியெல்லாம் என் வாயில் நபிமேல் ஓதும் ஸலவாத்தும், இடையிடையே அவன் ஓட்டும் வேகத்துக்கு ஒரு அல்லாவும் வந்துகொண்டிருந்தன. ஓடுகிற ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, அவரிடம் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நான் நூருல் அமீன் என்றால், யார் என்று கேட்பார். ஒன்பது பேரில் எவன்? அவருக்குத் தெரிந்தது ஒரே பெயர். நான் மூன்று இடத்திலும் கெஞ்சிக் கூத்தாடி அழித்துவிட்டு வந்த பெயர்.

ரயில்வே கேட்டுக்கு நாங்கள் வந்தபோது அது மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம், புளியமரத்தடி இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், வெள்ளைக் கார் ஒன்று நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இளநீரைக் குடித்து முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவருதான்" என்றான் காத்தவராயன். நான் கத்தினேன். என் குரல் எழும்போதே சரக்கு ரயில் வந்துவிட்டது.

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அவர் தெரிந்தார், மறைந்தார், தெரிந்தார். ஒரு இடைவெளியில் கார்க் கதவைத் திறந்தார். அடுத்ததில் மச்சான்காரர் உள்ளே ஏறிவிட்டிருந்தார். சத்தத்தில் என் தொண்டை எனக்கே கேட்கவில்லை. நான் ஆட்டோவிலிருந்து இறங்கி, ரோட்டோரக் கல்லின் மேல் ஏறி நின்று, கேட்டுக் கம்பிக்கு மேலே இரண்டு கைகளையும் தூக்கினேன். பத்து விரலையும் விரித்து மூடினேன். மறுபடியும் விரித்தேன். கேட்டில் பைக்கோடு நின்றவர்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்பாவின் பைக் டாங்கியில் உட்கார்ந்திருந்தான். கொடுத்த மிட்டாயின் வாக்குறுதியை மறந்து, அவனும் சந்தோஷமாகக் கையைத் தூக்கினான். கீழே நின்ற காத்தவராயனும் தூக்கினான்.

இன்னொரு இடைவெளியில், அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டைக்காரர் கதவைப் பிடித்தபடி எங்கள் பக்கம் திரும்பி நின்றார். ஒரு கையை நெற்றிக்கு உயர்த்தினார். மாலை வெயில் கண் கூசியதற்கா, வேறு எதற்கா, தெரியவில்லை. அடுத்த பெட்டி வந்து மறைத்தது. நான் எண்ணிக்கையைத் தவறவிட்டிருந்தேன். மறுபடியும் முதலிலிருந்து, பத்து, இருபது.