ஒரே டப்பாவில் சுக்கும் மாவும்

ஆய்வு மாணவிக்குக் காலையிலிருந்தே அடிவயிற்றைப் பிசைந்தது. மாதவிடாய் வலி சுக்குக்குக் கேட்குமா என்று மூன்று மாதமாக ஆராய்கிறவளுக்கு, இன்றைக்குப் பார்த்தா அது வந்து தொலைய வேண்டும்?

தையல் ஆலையின் சாப்பாட்டு அறைக்கு, மிச்சமிருக்கும் கேப்ஸ்யூல்களை எண்ண வந்திருந்தாள். அறுபது பெண்களுக்கு ஆளுக்கொரு குப்பி. முப்பதில் சுக்குத்தூள், முப்பதில் வெறும் மாவு. யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. அதுதான் ஆய்வின் உயிர். அதை நம்பித்தான் அவள் பட்டமும் இருந்தது.

மேஜையில் குப்பிகள் அத்தனையும் காலி. பக்கத்தில் ஒரு பெரிய பட்டன் டப்பா நிறைய கேப்ஸ்யூல்.

“என்னக்கா இது?”

பட்டன் தைப்பவர்களில் மூத்தவள், எல்லோருக்கும் பட்டன் அக்கா, கையைத் துடைத்தபடி வந்தாள். “முதல் வாரமே பிரிச்சு நாக்குல வச்சுப் பாத்துட்டோம். சில பேரோடது காரம், சில பேரோடது சப்புனு இருந்துச்சு. பாவம்ல? அதான் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்துட்டேன். இங்க எதுவானாலும் பங்கு போட்டுத்தான் சாப்பிடுவோம்.”

மூன்று மாத உழைப்பு ஆற்றில் கரைத்த புளியாகிவிட்டது. அழுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா. கையெழுத்துக்கூடப் போட்டீங்களே.”

“போட்டோம். உங்க கணக்கு சரியா வரணும்னு பாதிப் பேரு மாவ முழுங்கிட்டு வலியோட மெஷின்ல உக்காரணுமா?”

“சுக்கு கேக்குமான்னே உறுதியாத் தெரியாதுக்கா. சின்னச் சின்ன ஆய்வுகள்ல கேக்குற மாதிரி இருக்கு, அவ்வளவுதான். அதத் தெரிஞ்சுக்கத்தான இந்தப் பாடு.”

சொல்லி முடிப்பதற்குள் வலி சுருட்டி இழுத்தது. பெஞ்சில் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்கு விளங்கிவிட்டது. டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் கை ஒன்றை எடுத்துப் பிரித்து நாக்கில் தொட்டுப் பார்த்தது. மாவு. இன்னொன்று, அதுவும் மாவு. எரிச்சலாக வந்தது. மூன்றாவது சுருக்கென்று காரமாக இருந்தது. அதை மூடி வாயில் போட்டுக்கொண்டாள்.

பட்டன் அக்கா தண்ணீரை நீட்டினாள். “அந்த ரெண்டையும் ஏன் முழுங்காம வச்சுட்டீங்க?”