சூரியனைப் பிடித்த ஜெபசீலி

வானத்துச் சூரியனையே கையும் களவுமாகப் பிடித்து, சூளகிரி ஆலை ஒன்றில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தவர் ஜெபசீலி. அன்று கிருஷ்ணகிரி மலை வரைக்கும் வானம் சிவந்தது வெட்கத்தினால்தான்.

அந்த பம்ப் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி அவர். கோளாறுகளைத் துருவி ஆராய ஒரே குழு. வாரத்துக்கு ஒரே கோளாறு. திங்கள் கூட்டத்தில் கோளாறுகள் கல்யாணப் பந்திபோல முண்டியடிக்கும். நஷ்டம் எதில் பெரிதோ அதற்குத்தான் மேலாளர் நாராயணப்பன் இலை போடுவார்.

"வார்ப்புல ஓட்டை விழுது மேடம். லாரி லாரியா வீணாப் போகுது. அதைப் பாருங்க."

"அச்சு தேஞ்சு போச்சு சார். புது அச்சு அடுத்த மாசம் வருது. காரணம் தெரிஞ்சதுக்கு எதுக்கு விசாரணை? நான் சௌமியாவோட கேமரா சோதனை மேசையைப் பார்க்கிறேன்."

"அந்தக் கீறலா? ஒரு நாளைக்கு நாலு பீஸ்தானே. அதான் எழுதியாச்சே, ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு."

"எழுதினோம். யாரும் போய்ப் பார்க்கல. இன்னொரு தடவை எழுதினா சனிக்கிழமையோட அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிருவீங்க."

"வாரம் வீணானா பழி உங்க தலையிலதான்."

"வெச்சுக்கிறேன் சார். பெருசா கனக்காது."

கல்லாவியிலிருந்து வந்த சௌமியா, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல ஒவ்வொரு பீஸையும் கீறல் தேடும் கேமராவின் கீழே வைத்தாள். கேமரா ஒதுக்கினால் பீஸ் நேரே கழிவுக் கூடைக்கு. கேமரா சொன்னால் சாமி வாக்கு, அதை யார் திருப்பிப் பார்ப்பது? ஜெபசீலியைக் கண்டதும் அவள் கைகளைப் பின்னால் மறைத்தாள். அவர் மெல்லப் பிடித்துப் பார்த்தார். வளையல் இல்லை. நகங்கள் சதையோடு வெட்டப்பட்டிருந்தன.

"வலிக்குதா கண்ணு?"

"என் நகந்தான் கீறுதோன்னு நெனச்சேன் மேடம்."

ஜெபசீலி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வியாழன் வரைக்கும் இமைக்கவே இல்லை. இமைக்கும் பழக்கமே விட்டுப்போனது. அன்று சாயங்காலம், போன மாசக் காற்றில் மூடி பறந்துபோன சுவர்விசிறி ஓட்டை வழியே நூலளவு வெயில் பீஸின்மேல் விழுந்தது. கேமராத் திரையில் அது கீறலாகத் தெரிந்தது, சிவப்பு விளக்கு. கையால் வெயிலை மறைத்தார். அதே பீஸுக்குப் பச்சை.

போனை எடுத்தார். "ஆளைப் பிடிச்சிட்டேன் சார். சூரியன்."

"மேடம், மத்தியானம் சாப்பிட்டீங்களா இல்லையா?"

சிரித்துக்கொண்டேதான் வந்தார் நாராயணப்பன். கையால் மறைத்தார், பச்சை. எடுத்தார், சிவப்பு. விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளைபோல மறுபடி மறுபடி செய்தார். பிறகு சௌமியாவின் நகங்கள் கண்ணில் பட்டன. சிரிப்பு நின்றது.

"நீ இல்லம்மா," என்றார். "நெசமாவே சூரியன்தான்."