கண் அசந்த சனிக்கிழமை

சொந்தமாகத் தொழில் செய்தால் நமக்கு நாமே ராஜா என்று யாரோ சொன்னதை நம்பி, மாதச் சம்பளத்தை உதறிவிட்டு வந்தவள் நான். ராஜாவாவது மண்ணாவது! கூட்டிப் பெருக்குவதும் நான்தான், போன் எடுப்பதும் நான்தான். பல் டாக்டர் ஒருவரின் மாடியில் ஓர் அறை. கதவில் 'சமூகப் பணியாளர்' என்று எழுதிப் போட்டிருக்கிறேன். அதைப் படித்தும் பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலியோடு ஏறி வருகிறார்கள். என்னைக் கவனிக்கவே ஒரு சமூகப் பணியாளர் வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் கிண்டல். அதற்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் போய் நாளாயிற்று.

வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சண்டை. சனிக்கிழமை காலை மட்டும் ஓர் அப்பாவும் அவருடைய ஆறு வயது மகளும். அவர் பஸ் ஓட்டுநர். மகளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவார். மனைவி பிரிந்துபோன புதிதில், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போனையும் எடுக்கவில்லை. மறுநாள் கொண்டுவந்து விடும்வரை பெற்றவள் செத்துப் பிழைத்தாள். அதன்பின் இருவரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது: அவள் மனம் சமாதானம் ஆகும்வரை அவர் பிள்ளையை என் அறையில், என் கண்ணெதிரேதான் பார்க்க வேண்டும்.

மூலையில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலை. விளையாட்டில் கலந்துகொள்ளக் கூடாது. அவர்கள் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழ வேண்டும். பிள்ளை காதில் ரகசியம் பேசுவது அறவே கூடாது. அம்மாவிடம் சொல்லாதே, உன்னைக் கூட்டிப்போகிறேன் என்பதெல்லாம் அப்படித்தானே ஆரம்பிக்கும்? வாலுவுக்கே இந்தச் சட்டம் மனப்பாடம். அப்பா குரல் கொஞ்சம் இறங்கினால், சத்தமாகப் பேசச் சொல்லி அவரையே அதட்டுவாள்.

மகளைத் தனியாகப் பூங்காவுக்கு அழைத்துப்போக வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் ஆசை. நம்பலாமா என்று பெற்றவளும் ஒவ்வொரு வாரமும் என்னைக் கேட்பாள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்பேன். பொய் இல்லை. ஒரு ஆள் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் யார்தான் ஒழுங்காக இருக்க மாட்டார்கள்? அவள் சந்தேகம் தீர்ந்தால் என் சனிக்கிழமைப் பிழைப்பும் தீர்ந்துவிடுமே என்பது வேறு மனதின் ஓரத்தில் உறுத்தும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் அண்ணன் தம்பி பஞ்சாயத்து. அது முடிந்து நான் வீடு சேர வெகுநேரம் ஆகிவிட்டது. காலையில் வாலுவும் அப்பாவும் தரையில் மரக்கட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்கள். ஜன்னல் வெயில் என் காலில் இதமாக விழுந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விழித்தபோது கிசுகிசுப்பு கேட்டது. இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்டிக்க வாயைத் திறந்தவள் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர்களுடைய நேரமே முடியப்போகிறது! கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கீழே பஸ் நிறுத்தம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் நான் யாருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

"ஆன்ட்டி எழுந்துட்டாங்கப்பா. இனிமே சத்தமா பேசலாம்" என்றாள் வாலு.

கட்டைக் கோபுரம் அவள் தோள் உயரத்துக்கு நின்றது. சரிந்தால் சத்தம் வருமென்று அடியில் அப்பா தன் ஸ்வெட்டரை விரித்திருந்தார்.

அதை உதறி மாட்டிக்கொண்டு கிளம்பும்போது என் அருகில் வந்தார். "நீங்க தூங்குனதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மேடம்" என்றார். அலுப்பு யாருக்குத்தான் இல்லை என்று ஆறுதல் வேறு. எனக்கு அவமானமாக இருந்தது.

அவர் போனபின், பெற்றவள் வருவதற்குள் யோசித்தேன். பிள்ளை உளறினாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். வெளியே தெரிந்தால் எவன் என்னை நம்பி வேலை கொடுப்பான்? ஆனால் யாரும் பார்க்காதபோது அந்த மனிதர் எப்படி இருப்பார் என்பதற்கு என் தூக்கத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதை நான் விழுங்கிவிட்டால் அவர் இன்னும் எத்தனை வருடம் இந்த அறையிலேயே கட்டை அடுக்குவார்?

அவள் வந்ததும் வாலுவை வெளியே செருப்பு மாட்ட அனுப்பிவிட்டுச் சொல்லிவிட்டேன். தூங்கியதை, கதவு பூட்டாமல் கிடந்ததை, எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாததை. அவள் முகம் வெளுத்தது. திட்டட்டும் என்று நின்றேன்.

"அவர் என்ன பண்ணிட்டிருந்தார்?" என்று கேட்டாள்.

"என் தூக்கம் கலையக் கூடாதுன்னு மெதுவா பேசிக்கிட்டிருந்தார்."

அவள் அப்படியே வாலுவின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ கைக்குழந்தையா இருந்தப்போ ராத்திரி பூரா நான்தான் முழிச்சிருப்பேன். விடிஞ்சு கொஞ்சம் கண்ணை மூடினா டீவியை அலற விடுவார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னை இப்படித் தூங்க விட்டிருந்தா நான் அந்த வீட்டை விட்டு வந்திருக்கவே மாட்டேன்."

ஆறுதல் சொல்லிச் சம்பாதிக்கிறவள் நான். அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான் கொடுக்க முடிந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த வாரத்திலிருந்து நான் தேவையில்லை என்றாள். வேறு ஆள் பார்க்கப் போகிறாளா என்று கேட்டேன்.

"யாரும் வேண்டாம். பார்க்குக்கு அவரே கூட்டிட்டுப் போகட்டும்" என்றாள். "மனுஷன் மாறிட்டார். எனக்குத்தான் அது உதவல."