பாலத்தில் நின்ற வண்டி

நானும் என் மகனும் பேசி ஆறு வருஷமாகிறது. அவன் அம்மா இருந்தவரை எங்கள் சண்டைகளுக்கு அவள்தான் பஞ்சாயத்து. அவள் போன பிறகு, லாண்டரிக் கடையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று அவன் சொல்ல, வார்த்தை தடித்தது. கடை டெலிவரிக்காக அவன் பெயரில் வாங்கிய வெள்ளை வண்டியில் மருமகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். யார் முதலில் பேசுவது என்பதில் இருவருக்கும் வீம்பு. அந்த வீம்பில் மட்டும் அவன் என்னை உரித்து வைத்திருக்கிறான்.

ஆனாலும் அவன் எங்கே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு ஜிபிஎஸ் பெட்டி இருக்கிறது. பழைய டிரைவர் ஊர் சுற்றுகிறான் என்று நான் மாட்டியது. மகனுக்கு அது ஞாபகமே இருக்காது. வருஷா வருஷம் சந்தா கட்டிவிடுவேன். என் போனில் அவன் ஒரு நீலப் புள்ளி.

முதலில் புள்ளி பக்கத்து ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. காற்றே வராத சந்து என்று வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். பிறகு கொஞ்ச நாள் ஏதோ ஒர்க் ஷாப் பக்கம் அசையாமல் கிடந்தது. அப்புறம் பெரிய ஊர் ஒன்றுக்குப் போய்விட்டது. பூங்கா ஓரம், அகலமான தெரு. பிழைத்துக்கொண்டான் பயல் என்று அன்று ஒரு டம்ளர் பால் கூடுதலாக வாங்கிக் குடித்தேன்.

போன வருஷம் புள்ளி காலையிலும் மதியமும் ஒரு பள்ளிக்கூட வாசலில் நிற்க ஆரம்பித்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. பேத்தி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சி சாலைக்குப் போனார்கள். ஒரு தடவை குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பொழுதெல்லாம் வண்டி நின்றது. போனையே பார்த்துக்கொண்டு இஸ்திரி போட்டதில் வாடிக்கையாளர் ஒருவரின் பட்டுச் சட்டை பொசுங்கியது. திட்டினார். திட்டட்டும், குழந்தை வீடு திரும்பிவிட்டதே.

இப்படி இருக்கையில்தான் பழைய நெட்வொர்க்கை மூடப்போகிறோம் என்று செல்போன் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. அதை நம்பி ஓடும் கருவிகள் எல்லாம் மாதக் கடைசியோடு நின்றுவிடுமாம். கடையின் கார்டு மெஷினும் அந்த ரகம்தான். மெஷின் கம்பெனி ஆள் வந்து புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் போனான். ஜிபிஎஸ் மாட்டிய கடைக்குப் போன் செய்தேன்.

"வண்டியைக் கொண்டு வாங்க சார், பத்து நிமிஷ வேலை."

"வண்டி வெளியூர்ல இருக்குப்பா."

"பரவாயில்ல, அங்கேயே எங்க ஆள் வந்து மாத்திடுவான். யார் ஓட்டுறாங்க?"

"என் மகன்."

"அப்புறம் என்ன சார்? அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க, முடிஞ்சுது."

முடிந்ததாம்! ஆறு வருஷமாக முடியாத காரியத்தை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

நான் போன் செய்யவில்லை. கடைசியாகப் புள்ளி அவன் வீட்டு வாசலில் நின்றால் போதும், பேசாமல் இருந்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் பாழாய்ப் போனவர்கள் மாதக் கடைசியன்று மதியத்திலேயே நெட்வொர்க்கை மூடிவிட்டார்கள். பள்ளி விட்டு வரும் வழியில், ஆற்றுப் பாலத்தின் நடுவில் புள்ளி நின்றது. மறுநாள் பார்த்தாலும் பாலம்தான். அதற்கு மறுநாளும் பாலம்தான். சிக்னல் போனதால்தான் நிற்கிறது என்று புத்திக்குத் தெரியும். ஆனால் குழந்தையோடு நடுப்பாலத்தில் நிற்கிறானே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. பொறுக்க முடியவில்லை. துணி மூட்டையைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் நம்பரை அழுத்தினேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அப்பா?"

"வண்டி நல்லா ஓடுதா?" என்றேன். வேறென்ன கேட்க?

"எந்த வண்டி?"

"நம்ம வெள்ளை வண்டிடா."

"அதை வித்து நாலு வருஷம் ஆச்சேப்பா. கையில காசில்ல, வித்துட்டேன்."

கடையில் நீராவி இஸ்திரிப் பெட்டி சீறிக்கொண்டிருந்தது. எட்டி அதை அணைத்தேன்.

"அப்போ ஸ்கூலுக்கு… பிள்ளையை எதுல கூட்டிட்டுப் போறே?"

அவன் மெதுவாக, "எங்களுக்குப் பிள்ளை இல்லப்பா," என்றான். "யார் என்ன சொன்னாங்க? உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

யாரோ பெற்ற பிள்ளைக்காக நான் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்திருக்கிறேன். அதில்கூட எனக்கு வருத்தமில்லை, அது நன்றாக இருக்கட்டும். என் மகன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஆறு வருஷத்தில் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

"இப்போ நீ எங்கேடா இருக்கே?"

"பக்கத்து ஊர்லதான்பா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு சந்து. உங்களை விட்டு வந்தப்ப குடியேறின அதே வீடுதான்."

காற்றே வராத அந்தச் சந்தை நான் பார்த்து நாலு வருஷமாகிறது.